வண்டியின் பிரேக்கை நாமே சுத்தம் செய்யலாம்!

குக்கர் காஸ்கெட் இறுகிப் போனால் என்ன செய்கிறோம்? புதுக் குக்கரா வாங்குகிறோம்? பழைய காஸ்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, மூடியின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் கஞ்சியைத் தேய்த்துக் கழுவி, புது காஸ்கெட்டைப் போட்டு அடுப்பில் ஏற்றிவிடுகிறோம். மிக்ஸி ஜாரின் அடியில் ஒழுகினாலும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தில் இருக்கும் டிஸ்க் பிரேக்கும் ஏறக்குறைய இதே சமாசாரம்தான் என்று சொன்னால் நம்புவீர்களா, சகோதரிகளே?

"அய்யோ, பிரேக்கா! அதெல்லாம் மெக்கானிக் பார்க்க வேண்டிய வேலை" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பயப்படுவது நல்லதுதான். பிரேக் என்பது உயிர் விஷயம். ஆனால் பயந்து ஒதுங்கி நிற்பது வேறு, பயத்தோடு கவனமாகச் செய்வது வேறு. கொதிக்கிற எண்ணெயில் தினமும் அப்பளம் பொரிக்கிறவர்கள்தானே நாம்!

எங்கள் வீடு திருச்சி தில்லை நகரில். பையன் வேலை பார்ப்பது துவாக்குடியில். பால்பண்ணையைத் தாண்டி தஞ்சாவூர் ரோட்டில் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே தினமும் போய் வருகிறான். சில வாரம் ராத்திரி ஷிப்ட். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளை வண்டியில் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டி 2016-ல் வாங்கியது. முதலில் என் கணவர் ஓட்டினார், இப்போது பையன். ஒரு நாள் அவன், "அம்மா, வண்டியைத் தள்ளினா கனமா இருக்கு. பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்குது" என்றான். அப்புறம் முன் சக்கரத்திலிருந்து ஒரு தீய்ந்த வாடை. ஒரு மெக்கானிக்கிடம் காட்டியதில் பிரேக் பேடை மாற்றிக் கொடுத்தார். நாலு மாதத்தில் அதுவும் தேய்ந்துவிட்டது. மறுபடி போனபோது, "அக்கா, காலிப்பரே போச்சு. முழுசா மாத்திடணும்" என்று பெரிய தொகையாகச் சொன்னார்.

அந்தச் சமயம் ஆடிப்பெருக்குக்கு என் பெரிய அண்ணன் வந்திருந்தார். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி பக்கத்தில் குந்தினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். தேய்ந்த பேடைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பாப்பா, இது சாகலை. அழுக்குல மாட்டிக்கிட்டு முழிக்குது. குளிப்பாட்டி விட்டா நடக்கும்" என்றார். அவர் கூடவே இருந்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

டிஸ்க் பிரேக் ஒன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியாளர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். மோட்டார் சைக்கிளில் இதைப் பெரிய அளவில் கொண்டு வந்து பிரபலப்படுத்தியது 1969-ல் வந்த ஹோண்டா சி.பி.750. நம் ஊர் வண்டிகளில் இது பரவலானது தொண்ணூறுகளின் கடைசிக்குப் பிறகுதான். அதனால்தான் பழைய வண்டிகளில் பழகிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதுசாகத் தெரிகிறது.

சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டுதான் டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கிடுக்கி மாதிரி கவ்விப் பிடிக்கிற பெட்டிதான் காலிப்பர். அதற்குள் சின்ன டம்ளர் மாதிரி பிஸ்டன் இருக்கிறது. சில வண்டிகளில் ஒன்று, எங்கள் வண்டியில் இரண்டு. கைப்பிடியில் லீவரை அழுத்தினால் அங்கே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் குழாய் வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ளுகிறது. பேட் டிஸ்க்கைப் பிடிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, நினைவிருக்கிறதா? மூடிய திரவத்தில் ஓர் இடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும் என்பது. மேலே இருக்கும் பிஸ்டன் அரை அங்குலக் குறுக்களவு, கீழே இருப்பது 1 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே பரப்பளவு 4 மடங்கு. ஆகவே தள்ளுகிற விசையும் 4 மடங்கு. இரண்டு விரலால் அழுத்தினாலே வண்டி நிற்பதன் ரகசியம் இதுதான்.

சரி, லீவரை விட்டதும் பிஸ்டன் எப்படிப் பின்வாங்குகிறது? அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது! பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது சீல் அதைப் பிடித்தபடியே லேசாக வளைந்து கொடுக்கிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்துகொள்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடுகிறது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது.

இப்போது யோசியுங்கள். தெருப் புழுதி, மழைச் சேறு, தேய்ந்த பேடின் தூள் எல்லாம் பிஸ்டன் ஓரத்தில் படிந்து இறுகுகின்றன. சீல் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தில் அலுமினியம் பூத்து வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி கட்டுகிறது. அது சீலைப் பின்னாலிருந்து நெருக்கித் தள்ள, சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிஸ்டன் போகும், திரும்பி வராது. பேட் எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். வண்டி கனக்கிறது, பெட்ரோல் வீணாகிறது, பேட் தேய்கிறது, தீய்ந்த வாடை வருகிறது. எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒரு சிட்டிகை அழுக்குதான்.

உரசினால் சூடு வரும். எவ்வளவு சூடு? வண்டியும் ஆளுமாக 210 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடித்து நிற்கிறது. அந்த ஒரு முறையில் உண்டாகும் சூடு சுமார் 100 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒவ்வொரு சிக்னலிலும் இப்படி ஒரு சின்னக் காப்பித் தண்ணீர் கொதிக்கிற சூட்டைப் பிரேக் வாங்கி, காற்றில் விட்டுவிட வேண்டும். ஏற்கெனவே உரசிக்கொண்டிருக்கிற பிரேக்கால் அது முடியாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. திறந்து வைத்த உப்பு ஜாடி மாதிரி. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 155 டிகிரிதான். டாட் 3 வகைக்கு இவை 205, 140. பழைய ஆயில் சூட்டில் கொதித்து உள்ளே ஆவியானால், லீவரை அழுத்தும்போது ஆவிதான் நசுங்கும். பிரேக் பிடிக்காது. ஆகையால் 2 வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

தேவையானவை

1. வண்டிக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர்கள், எல்-கீ.
2. டார்க் ரெஞ்ச். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டும் கருவி. சொந்தமாக இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள்.
3. உங்கள் வண்டிக்கென்றே உள்ள காலிப்பர் சீல் கிட். எங்களுக்குச் சில நூறு ரூபாயில் முடிந்தது.
4. புது பிரேக் பேட், புதுச் செப்பு வாஷர் 2.
5. சீல் பிரிக்காத பிரேக் ஆயில். எந்த வகை என்று மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலேயே எழுதியிருக்கும். அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை. அதை மற்றதோடு கலக்கவே கூடாது.
6. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர்.
7. சிலிக்கான் கிரீஸ்.
8. ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஒரு பழைய ஜாம் பாட்டில்.
9. பழைய டூத் பிரஷ், மூங்கில் குச்சி, பஞ்சு பிரியாத துணி, சின்ன மரக்கட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி.

கூடவே ஒரு தாம்பாளம். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது "இது எந்தப் பக்கம்?" என்ற குழப்பம் வராது.

முக்கியமான எச்சரிக்கை: மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல், தையல் மிஷின் எண்ணெய், சாதாரண கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் இந்த ரப்பர் மேல் படக்கூடாது. எண்ணெய் பட்டால் சீல் ஊறிப் பெருத்து, பிஸ்டனை மறுபடி இறுக்கிவிடும். கிச்சன் கையோடு வந்து தொடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வாருங்கள்.

செய்முறை

வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் டாங்க் மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் அதன்மேல் பழைய பெட்ஷீட்டும் போட்டு மூடுங்கள். பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்டைத் தின்றுவிடும். தப்பித் தவறி பட்டால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

முதலில் காலிப்பர் வண்டியில் இருக்கும்போதே சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு வெளி அழுக்கைக் கழுவித் துடைக்க வேண்டும். அழுக்கோடு கழற்றினால் அது உள்ளே போய்விடும். பிறகு பேடைத் தாங்கும் பின்னையும், ஆயில் குழாய் வந்து சேரும் போல்ட்டையும் லேசாக நெகிழ்த்துங்கள். காலிப்பர் வண்டியில் உறுதியாக நிற்கும்போது நெகிழ்த்துவது சுலபம். குழாய் போல்ட்டை நெகிழ்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிட வேண்டும்.

இப்போது காலிப்பரின் இரண்டு பெரிய போல்ட்டுகளையும் கழற்றி அதை வெளியே எடுங்கள். பேடுகளை உருவுங்கள். காலிப்பரைக் குழாயிலேயே தொங்க விடாதீர்கள். ஒரு கம்பியால் கட்டித் தாங்கிப் பிடிக்க வையுங்கள்.

அடுத்து பிஸ்டனை வெளியே கொண்டு வர வேண்டும். இதற்குப் பிரேக் லீவரே போதும். பிஸ்டனுக்கு எதிரே மரக்கட்டையை வைத்து, லீவரை மெதுவாக, ஒவ்வொரு அழுத்தாக அழுத்துங்கள். விரலை நடுவில் வைக்கவே கூடாது. எங்கள் வண்டியில் ஒரு பிஸ்டன் சமர்த்தாக வந்தது, இன்னொன்று அடம்பிடித்தது. அண்ணன், "வர்ற பிள்ளையைப் பிடிச்சு வை, வராத பிள்ளை தானா வரும்" என்றார். வந்ததைக் கட்டையால் தடுத்துப் பிடித்ததும் மற்றது நகர ஆரம்பித்தது. இரண்டும் கையில் பிடிக்கிற அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். பஞ்சர் கடைக் காற்றால் ஊதித் தள்ளுகிற வழி வேண்டாம். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும்.

ஜாம் பாட்டிலைக் கீழே வைத்து, குழாய் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலை வடிய விடுங்கள். எங்கள் வண்டியில் வந்தது வரக்காப்பி நிறம்! குழாயின் நுனியைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரால் கட்டிவிடுங்கள். பிஸ்டனைக் கையால் திருகித் திருகி இழுங்கள். பிளையர் போட்டால் கீறல் விழும்.

உள்ளே ஒவ்வொரு துளையிலும் இரண்டு ரப்பர் வளையங்கள் இருக்கும். வெளிப்பக்கம் மெல்லியது, தூசி தடுக்க. உள்பக்கம் கனமானது, ஆயில் தடுக்க. மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். ஸ்குரூ டிரைவரோ ஊசியோ வேண்டாம். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆயில் கசியும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. அந்தப் பள்ளத்தில் வெள்ளையாகக் கட்டியிருக்கிறதே, அதை மூங்கில் குச்சியாலும் பிரஷ்ஷாலும் ஆல்கஹால் தொட்டுத் தொட்டுச் சுரண்ட வேண்டும். உப்புத்தாள் கூடாது. பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் கூடாது. பொறுமைதான் வேண்டும். எனக்கு ஒரு பள்ளத்துக்கு அரை மணி நேரம் ஆனது. குழிப்பணியாரச் சட்டியின் மூலையில் கருகியதைச் சுரண்டி எடுத்த கைக்கு இது புதிய வேலையா என்ன! மெக்கானிக் கடையில் இத்தனை நேரம் ஒரு வண்டிக்குச் செலவு செய்ய முடியாது. வீட்டில் முடியும்.

பிஸ்டனைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நகத்தால் தடவும்போது குழி தட்டுப்பட்டால், அது சீல் உரசும் இடமாக இருந்தால், தயங்காமல் புது பிஸ்டன் வாங்கிவிடுங்கள். காலிப்பரின் துளைக்குள்ளேயே குழி இருந்தால் அது வேறு விஷயம். அந்தக் காலிப்பருக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதுதான்.

எல்லாம் சுத்தமாகிக் காய்ந்ததும், புதுச் சீல்களைப் புதுப் பிரேக் ஆயிலில் தோய்த்து, முறுக்கில்லாமல் பள்ளத்தில் உட்கார வையுங்கள். பிஸ்டனுக்கும் அதே ஆயில் தடவி, கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். சுத்தம் சரியாக இருந்தால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கோணலாக நின்றால் அடிக்காதீர்கள். வெளியே எடுத்து மறுபடி வையுங்கள்.

காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. இவை இறுகினால் ஒரு பக்கத்துப் பேட் மட்டும் தேயும். எங்கள் வண்டியில் இதுவும் இறுகித்தான் இருந்தது. பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுச் சிலிக்கான் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவுங்கள். அந்தக் கிரீஸ் பேடிலோ டிஸ்க்கிலோ படக்கூடாது. டிஸ்க்கையும் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். அதன் மேலேயே குறைந்தபட்சக் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். அதைவிடத் தேய்ந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும்.

பிறகு எல்லாவற்றையும் வரிசையாக மாட்டுங்கள். குழாய் போல்ட்டில் பழைய செப்பு வாஷரைப் போடாதீர்கள். இரு பக்கமும் புதுசு போடுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். குறைந்தால் கழன்று வரும், அதிகமானால் மரை போகும்.

காற்றை வெளியேற்றுதல்

மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து புது ஆயில் ஊற்றுங்கள். காலிப்பரில் இருக்கும் சின்ன நிப்பிளில் டியூபைச் சொருகி, மறு நுனி பாட்டிலில் சிறிது ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் காற்று திரும்ப உள்ளே போகும். "பிடி, திற, மூடு, விடு" என்று நானும் பையனும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தோம். எதிர்வீட்டு அக்கா ஏதோ பரத நாட்டிய வகுப்பு என்று நினைத்து எட்டிப் பார்த்தார்!

மேலே ஆயில் தீர்ந்துபோக விடாதீர்கள். அவ்வப்போது ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்று, ஆயில் தெளிவாக வந்து, லீவர் கல் மாதிரி நின்றால் வேலை முடிந்தது.

ஓட்டும் முன்

என் கணவர் ஆரம்பத்தில், "பிரேக்குல கை வைக்காதே. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்று தடுத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே நாங்கள் மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். பரிசோதனை எல்லாம் முடியாமல் வண்டி தெருவில் இறங்கக் கூடாது.

லீவரை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கக் கூடாது. இணைப்புகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றி, கசிவு இருக்கிறதா பாருங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், பிடித்தால் டக்கென்று நிற்க வேண்டும். இரவு லீவரை ஒரு துணியால் இழுத்துக் கட்டி வைத்துவிட்டு, காலையில் மறுபடி கசிவு பாருங்கள். அதன் பிறகு நடக்கிற வேகத்தில் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள். பிறகு நமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி, எல்லா போல்ட்டையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. புதுப் பேட் டிஸ்க்கோடு பழக இருபது முப்பது முறை மெதுவாகப் பிடித்து விட வேண்டும். அதுவரை அவசரப் பிரேக்குக்கு முழுப் பிடிமானம் இருக்காது என்று ஓட்டுகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம் என்ற விதி, புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்ற எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலும் வந்தது. எங்கள் வண்டி அதற்கு முந்தியது. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் குழாய் வழியில் இன்னொரு பெட்டி உண்டு. அதற்குள் காற்றுப் புகுந்தால் எடுப்பதற்குத் தனிக் கருவி தேவைப்படலாம். அந்த வண்டிகளில் காலிப்பரைப் பிரிக்கும் வேலையைச் சர்வீஸ் சென்டரிலேயே விடுங்கள். பின்னும் பேடும் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நிப்பிள் உடைந்தாலோ, மரை போயிருந்தாலோ, எத்தனை முறை காற்றெடுத்தும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ, அத்தோடு நிறுத்தி வண்டியை ஏற்றி அனுப்பிவிடுங்கள். ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. முதல் தடவை, தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

உடம்புக்கும் ஜாக்கிரதை

பேடின் தூளை ஊதாதீர்கள். காற்றடித்தும் சுத்தம் செய்யாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருக்கவும் கூடும். அது நுரையீரலுக்கு ஆகாது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

பிரேக் ஆயில் கண்ணில் தெறித்தால் பதினைந்து நிமிஷமாவது தண்ணீரால் கழுவி, டாக்டரிடம் போங்கள். அது குடித்தால் விஷம். மீதியைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல் டிரிங்க் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் குடித்துவிடும். திறந்த டப்பா ஆயில் ஈரம் ஏறிவிடும் என்பதால் அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைப்பதிலும் பிரயோஜனம் இல்லை. பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நம் தெருச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது? உய்யக்கொண்டான் வாய்க்காலோ, காவிரியோ! பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

குனிந்தே வேலை செய்தால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணை போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். ஆல்கஹால் சீக்கிரம் தீப்பற்றும். அடுப்போ, பூஜை விளக்கோ அருகில் இல்லாமல், காற்றோட்டமான வாசலில் செய்யுங்கள்.

மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷம்

காலிப்பரைப் பிரிக்க எல்லோராலும் முடியாமல் போகலாம். ஆனால் கீழே சொல்வதை ஸ்பேனர் பிடிக்காத சகோதரிகளும் செய்யலாம்.

* முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு சுற்றாவது தடையில்லாமல் சுற்ற வேண்டும்.
* மாஸ்டர் சிலிண்டரின் சின்னக் கண்ணாடி வழியாக ஆயிலைப் பாருங்கள். புது ஆயில் இளந்தேன் நிறம். காப்பி நிறமானால் மாற்ற வேண்டும். அளவு குறைந்தால் சும்மா ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேய்ந்ததா, எங்காவது கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.
* டார்ச் அடித்துப் பேடின் கனத்தைப் பாருங்கள். 1 மில்லிமீட்டருக்கு வருகிற வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும்.
* லீவரை அழுத்திப் பாருங்கள். போன மாதத்தைவிட ஆழமாகப் போனால் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம்.
* பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டி வந்த பிறகு டிஸ்க்குக்கு அருகில் கையைக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். அனல் அடித்தால் பிரேக் உரசுகிறது.

பிரேக் ஒரே நாளில் கெடுவதில்லை. கனக்கிறது, வாடை அடிக்கிறது, ஒரு பக்கம் தேய்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் கைவிடுகிறது. அதைக் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஒருவர் வேண்டும். பையனின் வண்டி இப்போது ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது. பேட் ஒரு வருஷம் ஆகியும் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. அடுத்த தடவை சீல் மாற்றும்போது அவனையே குச்சி பிடிக்கச் சொல்லப் போகிறேன். ஓட்டுகிறவனுக்குத் தன் பிரேக்கின் அருமை அப்போதுதான் தெரியும்.